திருப்பாதம் துடைத்த துணி

ரெக்ஸ்டேல்,
17.01.2021

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புத் தங்கச்சி அன்ரனெற்றுக்கு,

நானும் உன் மச்சாள் தவமணியும் ஆண்டவர் கிருபையால் சுகம். நீயும் மகள் றஜிதாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் கேட்கிறோம். நீ எங்களுக்காகக் கேட்கிறாயோ தெரியாது.

போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். வாட்ஸ்அப்பிலும் அப்படியே. இந்த வயதில் முத்திரை வாங்க என்னை வரிசையில் நிற்க வைத்துவிட்டாய். மாஸ்க் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று அந்தக் கடையில் சொன்னார்கள். உனக்காக அதையும் போட்டேன். இதை உன் வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். மே இரண்டாம் திகதி கிளிபோட்டின் முதலாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சென்ற வருஷம் உன் புருஷனைப் புதைத்தபோது பத்துப் பேரைத்தான் விடுவோம் என்று அரசாங்கம் சொன்னது. சரி. அந்தப் பத்துப் பேரில் உன் வேலையிடத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். உன் பக்கத்துக் கதவு மனிதர் இருந்தார். உன் கூடப்பிறந்த ஒரே அண்ணன் இல்லை. நான் சவக்காலை வேலிக்கு வெளியே காருக்குள் இருந்தபடி பெட்டியை இறக்குவதைப் பார்த்தேன். அந்தப் பெட்டியைத் தூக்க வேண்டிய தோள் என்னுடையது. பேப்பரில் வந்த மரண அறிவித்தலில் மட்டும் 'அகஸ்ரினின் அன்பு மைத்துனரும் ஆவார்' என்று போட்டிருந்தாய். பேப்பரில் மைத்துனன், சவக்காலையில் அந்நியன்.

முதலாம் ஆண்டையும் அப்படி விட முடியாது. என் வீட்டு பேஸ்மென்ற்றில் எங்கள் செபக்குழு முழுவதையும் கூப்பிட்டுச் செய்யப் போகிறேன். செபமாலை, பாட்டு, சிலுவையிலுள்ள பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தில் முத்தமிட்டு முத்தி செய்தல், பிறகு மத்தியானச் சாப்பாடு. பேப்பரில் அறிவித்தல் உன் பெயரில் வர வேண்டும். கிளிபோட்டின் நல்ல படமாக ஒன்று அனுப்பு. கோட் போட்ட படம்.

தொற்று, கிருமி என்று தொடங்காதே. ஒவ்வொருவரும் முத்தி செய்தவுடன் திருப்பாதத்தை நான் வெள்ளைத் துணியால் துடைக்கிறேன். கோயில்களில் காலங்காலமாகச் செய்வதுதான். அதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்? நீ ஊசி போட்டுவிட்டாய் என்று கேள்வி. நல்லது. ஊசியை நம்புகிறவர்களுக்கு ஊசி.

அன்பு அண்ணன்,
அகஸ்ரின்


டோர்செட் பார்க்,
01.02.2021

அண்ணைக்கு,

நான் சுகம். றஜிதா சுகம். மச்சாளும் சுகமாக இருப்பா என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பல்கனியில் போட்டுவிட்டு அடுத்த நாள்தான் திறந்தேன். சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

பத்துப் பேர் கதையை நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிவது எனக்குத் தெரியும். முழுக்கதையையும் சொல்லுங்கள். அடக்கத்துக்கு முதல் நாள் உங்களுக்கு நான் போன் எடுத்தேன். "மாஸ்க் போட்டுக்கொண்டு வாங்கோ அண்ணை" என்று கெஞ்சினேன். "முகத்தை மூடிக்கொண்டு செத்தவீட்டுக்கு வாறவன் கள்ளன். நான் கள்ளன் இல்லை" என்றீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். உங்கள் இடத்தைப் பக்கத்து வீட்டு மனிதருக்குக் கொடுத்தது அதற்குப் பிறகு. அம்புலன்ஸ் வந்த அன்று லிஃப்ற்றின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

ஆண்டுத் திவசத்துக்கு ஒரு கூட்டமும் வேண்டாம். படம் தரமாட்டேன். ஏன் என்று ஒரே ஒரு தடவை எழுதுகிறேன், இனிமேல் கேட்காதீர்கள். அவருக்கு அந்த வருத்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தது நான்.

பங்குனி கடைசியில் எங்கள் முதியோர் இல்லத்தில் தொடங்கியது. ஒவ்வொரு அறையாகக் கதவை மூடிக்கொண்டு வந்தோம். நான் வேலையால் வந்ததும் கதவடியிலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு நேரே குளியலறைக்குப் போவேன். அவரை ஹோலில் சோபாவில் படுக்கச் சொன்னேன். எனக்கு வேறு கோப்பை, அவருக்கு வேறு கோப்பை. கோயில்கள் பூட்டிய நாளிலிருந்து அவர் வீட்டை விட்டு இறங்கவேயில்லை. கடைக்கும் றஜிதாதான் போய் வந்தாள். அப்படியிருந்தும் வந்தது. என்னைத் தவிர வேறு யார் கொண்டு வந்திருக்க முடியும்? என்னைச் சோதித்தபோது ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சோதனையை நான் நம்பவில்லை. எந்த நாளில், எந்த இடத்தில் கை கழுவ மறந்தேன் என்று படுக்கையில் கிடந்து திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். எனக்கு நித்திரை போய் ஒன்பது மாதமாகிறது.

புருஷனைக் கொன்றவள் ஊரைக் கூட்டிச் சோறு போடமாட்டாள்.

அன்ரனெற்


ரெக்ஸ்டேல்,
09.02.2021

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

என் அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நல்ல சுகம். உன் கடிதம் கண்டு என் மனம் ஆறியது. உடனே இருந்து பதில் எழுதுகிறேன். இந்தத் தபாற்பொதியில் தவமணி செய்த பயற்றம் உருண்டையும் வைத்திருக்கிறேன். தவக்காலம் தொடங்க முன்னம் சாப்பிடு. றஜிதாவுக்கும் கொடு.

நீயே உன் வாயால் ஒத்துக்கொண்டாய். அதுவே பெரிய விஷயம். நான் அப்போதே தலை தலையாக அடித்துச் சொன்னேன், அந்த வேலையை விடு என்று. "கிழடுகளை யார் பார்க்கிறது அண்ணை" என்று கேட்டாய். மற்றவர்களுடைய கிழடுகளைப் பார்க்கப் போய் உன் புருஷனைக் கொடுத்தாய். நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆண்டவர் மன்னிக்கிறவர். வீட்டுக்குள் கொண்டுவந்தது நீ, அவ்வளவுதான். இங்கே எங்கள் செபக்குழுவில் கூடிச் செபித்த ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. மே இரண்டாம் திகதி நீ வந்து குழுவுக்கு முன்னால் ஒரு சாட்சி சொல்ல வேண்டும். இங்கே எழுதியதையே சொன்னால் போதும். பயந்து பயந்து கை கழுவியும் நோய் வந்தது, விசுவாசத்தோடு கூடியவர்களை ஆண்டவர் காத்தார் என்று. அழுகை வந்தால் அழு. எல்லோரும் உன் தலையில் கை வைத்துச் செபிப்பார்கள். உன் பாரமும் இறங்கும், குழுவும் உறுதிப்படும். நித்திரையும் வரும்.

உன்னில் பட்சமுள்ள அண்ணன்,
அகஸ்ரின்


டோர்செட் பார்க்,
28.02.2021

அண்ணைக்கு,

நாங்கள் சுகம். பயற்றம் உருண்டை கிடைத்தது. றஜிதா சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

சாட்சியாம். நாலு பேருக்குச் சொல்லாமல் உங்களுக்கு மட்டும் எழுதியதை மைக் பிடித்துச் சொல்லச் சொல்கிறீர்கள். கூடப்பிறந்தவள் நெஞ்சு வெடித்து எழுதினால் அதை எடுத்துச் செபக்கூட்டத்துக்கு நிகழ்ச்சி ஆக்குகிற புத்தி உங்களுக்குத்தான் வரும். நீங்கள் சின்ன வயதிலும் இப்படித்தான். என் பல் விழுந்தாலும் நீங்கள்தான் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டுவீர்கள்.

எங்கள் இல்லத்தில் சீமோன் என்று ஒரு யூதப் பெரியவர் இருக்கிறார். செபத்தில் மிகவும் பற்றுள்ள குடும்பம். அவருக்கு இரண்டு மகன்மார். ஆண்கள் பத்துப் பேர் சேராவிட்டால் அவர்களுக்குச் சில செபங்கள் சொல்ல முடியாதாம். போன வருஷம் செபவீடுகளைப் பூட்டியபோது இளைய மகன் பத்துப் பேரைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டுச் செபித்தார். மூத்தவர் அதற்குப் போகவில்லை. உயிரைக் காப்பதற்காக எந்தக் கட்டளையையும் தள்ளி வைக்கலாம் என்று எங்கள் வேதத்திலேயே இருக்கிறது என்று தம்பியோடு சண்டை பிடித்தார். தகப்பனின் ஜன்னலுக்கு வெளியே பனியில் தனியே நின்று செபம் சொன்னார், நான் கண்ணாடிக்குள்ளிருந்து சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது உள்ளே வந்து பார்க்க விடுகிறார்கள். மூத்தவர் காலையில் வருவார், இளையவர் பின்னேரம் வருவார். ஒருவர் முகத்தில் மற்றவர் விழிப்பதில்லை. இந்தக் கூத்து எங்கள் ஆட்களிடம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இல்லைப் போலிருக்கிறது.

பெரிய வெள்ளி வருகிறது. சுரூபத்தைச் சுவரில் மாட்டி வைத்துத் தூர நின்று கும்பிடுங்கள். ஆயரும் அதைத்தான் சொல்கிறார். முத்தி செய்ய விடாதீர்கள். உங்கள் குழுவில் அமிர்தநாதர் சீனி வருத்தக்காரன், வயது போன மனிசன், அவரையாவது வீட்டில் விடுங்கள். உங்கள் வெள்ளைத் துணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லோருக்கும் ஒரே துணி. அது துடைக்கிறதில்லை அண்ணை, ஒருவருடையதை எடுத்து மற்றவருக்குப் பரிமாறுகிறது.

மே மாதக் கூட்டத்துக்கு என் பெயரைப் போட்டால் நடப்பது வேறு.

அன்ரனெற்


ரெக்ஸ்டேல்,
05.04.2021

இயேசுவுக்கே புகழ்! உயிர்த்த ஆண்டவர் வாழ்க!

தங்கச்சிக்கு,

பாஸ்குத் திருநாள் வாழ்த்துகள். நாங்கள் சுகம். நீங்களும் சுகமென்று நினைக்கிறேன்.

உனக்கு நெஞ்சு எரியட்டும் என்றே எழுதுகிறேன். பெரிய வெள்ளி மிக நன்றாக நடந்தது. ஜன்னல்களுக்குச் சீலை கட்டினோம். கார்களை அடுத்த தெருவில் விட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பின்கதவால் வந்தார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் சுரங்கத்துக்குள் கூடியதை நினைத்துக்கொண்டேன். அமிர்தநாதரும் வந்தார், தடியூன்றி வந்தார். நீ அவருக்குப் போன் எடுத்துப் பயமுறுத்தியதை எனக்குச் சொல்லிச் சிரித்தார். வியாகுலப் பாட்டுப் பாடும்போது பேஸ்மென்ற்றில் ஒரு கண் காய்ந்திருக்கவில்லை. ஒருவருக்கும் ஒரு தும்மல் கூட இல்லை.

யூதர்களின் கதையெல்லாம் எனக்கு எழுதத் தேவையில்லை. எங்கள் வீட்டு ஆளையே எடுத்துக்கொள். கிளிபோட் உன்னைப்போல் பயந்தாங்கொள்ளி இல்லை. அவன் முத்தி செய்கிறதே ஒரு அழகு. முழங்காலில் நடந்து வருவான். காதில் மாட்டுகிற காலில் வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டின அந்தக் கண்ணாடியைக் கவனமாகக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, திருப்பாதத்தில் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருப்பான். பின்னால் நிற்பவர்கள் செருமுகிற மட்டும் எழும்பமாட்டான். அந்த மனிதனுக்கா நீ கூட்டமில்லாத திவசம் செய்யப் போகிறாய்?

அறிவித்தலைப் பேப்பருக்குக் கொடுத்துவிட்டேன். உன் பெயரும் றஜிதாவின் பெயரும் கீழே வரும். படத்துக்கு நானே வழி பார்த்துக்கொண்டேன்.

அகஸ்ரின்


டோர்செட் பார்க்,
10.04.2021

அண்ணைக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் அறிய விருப்பம்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும்.

அந்தக் கண்ணாடி உடைந்தது சென்ற வருஷம் பங்குனி மாதக் கடைசியில். சோபாவில் படுத்தபடி அதன் மேலேயே புரண்டுவிட்டார். கண்ணாடிக் கடைகள் எல்லாம் பூட்டு. என் வேலைப் பையில் கிடந்த பிளாஸ்ரரை எடுத்து நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். கோயில்கள் பூட்டி, எல்லோரும் வீட்டுக்குள் அடைந்த பிறகு நடந்தது இது. நீங்கள் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தது மாசி மாதம், அவருடைய பிறந்தநாளுக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒருவரையும் விடவில்லை. அடக்கத்தன்று பெட்டி மூடியிருந்தது. போனிலும் நீங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைக்கிற ஆட்கள் இல்லை.

வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டிய கண்ணாடியோடு என் புருஷனை நீங்கள் எங்கே கண்டீர்கள்?

அன்ரனெற்


டோர்செட் பார்க்,
24.04.2021

அண்ணைக்கு,

நாங்கள் சுகம். மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் பேப்பருக்கு எழுத நேரம் இருந்திருக்கிறது. நேற்றுத் தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிற பொடியன் பேப்பரை நீட்டி, "அன்ரி, உங்கட அங்கிளின்ர திவசத்துக்குக் கன சனம் வரும் போல" என்றான். பார்த்தேன். 'உற்றார் உறவினர் அனைவரையும் அன்புடன் அழைக்கும் மனைவி அன்ரனெற், மகள் றஜிதா.' கோயிலில் றஜிதாவின் முதல் நன்மைப் பூசையன்று எடுத்த படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்திருக்கிறீர்கள். நான் போய்விட்டேன். அவருடைய தோளில் என் கை மட்டும் மிச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிகளில் கட்டில் இல்லை என்று செய்தியில் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் என் பெயரில் ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதே பேப்பருக்கு நானும் ஒரு அறிவித்தல் கொடுத்திருக்கிறேன். 'முன்பு வெளிவந்த அழைப்பு குடும்பத்தினருடையது அல்ல. திவசம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் நினைவுகூர்வோம். தயவுசெய்து ஒருவரும் எங்கும் கூட வேண்டாம்.' வெள்ளிக்கிழமை வருகிறது, வாங்கிப் பாருங்கள்.

கேள்வி அப்படியே இருக்கிறது.

அன்ரனெற்


ரெக்ஸ்டேல்,
06.05.2021

அன்ரனெற்றுக்கு,

என் மானத்தை விற்றுவிட்டாய். நன்றாக இரு.

அறிவித்தலுக்கு மறுப்பு அறிவித்தல்! இந்த ஊரில் நான் கேள்விப்பட்டதேயில்லை. கல்யாண வீட்டில் சண்டை பிடிப்பார்கள், செத்தவீட்டிலும் பிடிப்பார்கள். திவசத்தைப் பேப்பரில் வைத்துக் கிழித்தவள் நீ ஒருத்திதான். வந்தது ஒரு கைப்பிடி ஆட்கள். தவமணி விடியவெள்ளனத் தொடங்கிச் சமைத்த சோறும் கறியும் கிடந்து புளித்தது. சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். குழுவிலுள்ள மாக்கஸ் என்னிடம் வந்து, "அண்ணை, உங்கட தங்கச்சியே நம்பேல்லையெண்டா நாங்கள் என்னெண்டு நம்புறது" என்று கேட்டான். நேற்று வந்த பொடியன்.

யார் உனக்குக் கதை கொண்டுவந்து கொடுப்பது? அமிர்தநாதர் தானே? தொண்டை வறண்ட கிழவன் எதையாவது உளறியிருப்பான். பெரிய வெள்ளிக்குக் கிளிபோட் என் வீட்டுக்கு வரவேயில்லை. யார் சொன்னாலும் பொய். குருசில் அடித்துச் சொல்வேன். கண்ணாடி, பிளாஸ்ரர் என்று பொலிஸ்காரன் மாதிரி என்னை விசாரிக்காதே.

வீட்டுக்குள் கொண்டுவந்தது நீ. நீயே எழுதியிருக்கிறாய், கடிதம் என்னிடம் இருக்கிறது.

அகஸ்ரின்


டோர்செட் பார்க்,
12.05.2021

அண்ணைக்கு,

பெரிய வெள்ளி என்று நான் எழுதவில்லை.

எங்கே கண்டீர்கள் என்று மட்டும்தான் கேட்டேன். அமிர்தநாதர் என்னோடு அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அந்தப் பாவப்பட்ட மனிசனை ஏசாதீர்கள். நாளையும் இடத்தையும் நீங்களே எழுதித் தந்திருக்கிறீர்கள்.

இப்போது எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அன்று எனக்கு இரட்டை வேலை. றஜிதாவுக்குப் பரீட்சைக் காலம், அறைக்குள் இருந்து படித்தாள். பெரிய வெள்ளிக் கஞ்சி காய்ச்சி அடுப்பில் வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்க்கிறேன், கஞ்சி அப்படியே ஆடை படர்ந்து கிடக்கிறது. "ஏனப்பா குடிக்கேல்லை" என்று கேட்டேன். "நான் இண்டைக்கு முழு ஒருசந்தி, ஒண்டும் வாயில வைக்கமாட்டன்" என்றார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வீட்டுக்குள் இருப்பதற்கு ஏன் வெள்ளைச் சட்டை என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை. கால் நோவாக இருந்தது, படுத்துவிட்டேன். ஒரு கிழமைக்குள் அவருக்குக் காய்ச்சல்.

உங்கள் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுத்தான் வந்தாரா?

நான் தள்ளி நின்று, கோப்பையைப் பிரித்து, சோபாவில் படுக்க விட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் பயந்து, ஒரு வருஷமாக என் கையையே கொலைகாரியின் கை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தெரிந்துகொண்டே அதற்குப் பயற்றம் உருண்டை அனுப்பினீர்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டீர்கள்.

எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் பேஸ்மென்ற் வாசலில் வந்து நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பேன். மாஸ்க் போட்டுக்கொண்டே கேட்பேன்.

அன்ரனெற்


ரெக்ஸ்டேல்,
11.10.2021

அன்ரனெற்,

ஐந்து மாதமாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். தவமணி நேற்றுச் சொல்லிவிட்டாள். "நீங்கள் எழுதாட்டி நானே பஸ் எடுத்துப்போய் அவளிட்டைச் சொல்லுவன், பிறகு திரும்பி வரமாட்டன்" என்று. எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நீ தரமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஓம். வந்தவன்.

பெரிய வியாழன் இரவு அவனாகத்தான் போன் எடுத்தான். "மச்சான், நாளைக்கு ஒரு பூசையும் இல்லாமல் வீட்டுக்குள்ள கிடக்க ஏலாது. நான் வாறன். அன்ரனெற்றுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, அவள் பாவம், வேலையால களைச்சு வாறவள்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தோஷப்பட்டேன். உன்னை மீறி என்னிடம் வருகிறான் என்று சந்தோஷப்பட்டேன். வந்தான், முழங்காலில் நடந்தான், முத்தி செய்தான். அவனுக்கு முன்னால் நின்றவர் அமிர்தநாதர். அவருக்கு அன்று தொண்டை கரகரத்தது. குளிர் பிடித்திருக்கிறது என்றார். நான் துணியால் துடைத்தேன். அதன் பிறகு கிளிபோட் முகத்தை வைத்தான். எப்போதும் போல நெடுநேரம். கஞ்சி குடித்தான், இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தான்.

அடுத்த கிழமை அமிர்தநாதர் படுத்தார். குழுவில் இன்னும் சிலரும் படுத்தார்கள். அவர்கள் எழும்பினார்கள். வெளியில் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கட்டளை போட்டேன். ஒருவருக்கும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது.

கிளிபோட் போனதிலிருந்து நான் இரவில் கண் மூடியதில்லை. பிறகு மாசி மாதம் உன் கடிதம் வந்தது. 'கொண்டுவந்து கொடுத்தது நான்' என்று எழுதியிருந்தாய். தவமணிக்கும் வாசித்துக் காட்டினேன். அன்றுதான் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஆனாலும் யார் கண்டது? நீயும் அந்த இல்லத்திலிருந்துதானே வந்து போனாய். கடவுளுக்குத்தான் தெரியும். முழுப் பழியையும் என் தலையில் கட்டாதே.

கல்லறைத் திருநாளுக்கு அவனுடைய குழிக்கு வரலாமா? அடக்கத்துக்கு விடாத மாதிரி இதற்கும் விடமாட்டாயா? ஒரு வரி எழுது.

அகஸ்ரின்


டோர்செட் பார்க்,
26.10.2021

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன்.

கடிதம் கிடைத்தது. றஜிதாவையும் இருத்தி வாசித்துக் காட்டினேன். அன்று இரவு நான் நித்திரை கொண்டேன். எழும்பப் பிந்தி, வேலைக்கும் பிந்திப் போனேன். மேலாளர் என்ன நடந்தது என்று கேட்டா, நித்திரை கொண்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதேன். பைத்தியம் என்று நினைத்திருப்பா. நீங்கள் மாசி மாதத்திலிருந்து கொண்ட நித்திரை என்னுடையது. அதைத் திருப்பித் தர உங்களுக்கு இவ்வளவு காலம் எடுத்தது. தந்தபோதும் முழுதாகத் தர மனம் வரவில்லை. 'யார் கண்டது' என்று ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டீர்கள். வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிலும் எனக்குக் கோபம்தான். எனக்குச் சொல்லாமல் போனார். களைத்து வருகிறவளாம், பாவமாம். செத்த மனிசனோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது? அவருக்கும் சேர்த்து உங்களோடு பிடிக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கோயில்கள் பூட்டிய நாளிலிருந்து நான் அவரைத் தொடவில்லை. றஜிதாவையும் கிட்டப் போக விடவில்லை. காலையில் வேலைக்கு இறங்கும்போது நெற்றியில் ஒரு முத்தம் தருவது அவருடைய வழக்கம். அதையும் நான்தான் நிறுத்தினேன். "எல்லாம் முடியட்டும், சேர்த்து வைச்சுத் தாறன்" என்று சோபாவிலிருந்து சிரிப்பார். அம்புலன்ஸில் ஏற்றியபோதும் ஆறடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குச் சட்டம் தெரியும், வேலையே அது. அவர் கடைசியாக முத்தம் கொடுத்தது உங்கள் வீட்டுச் சுரூபத்துக்குத்தான்.

அதையும் நீங்கள் அடுத்த கணமே துணியால் துடைத்துவிட்டீர்கள்.

கல்லறைத் திருநாள் இந்த முறை செவ்வாய்க்கிழமை வருகிறது. இப்போது சவக்காலை வாசலில் யாரும் பத்துப் பேர் எண்ணுவதில்லை. சீமோன் ஐயாவின் மகன்மாரும் இன்னும் பழையபடிதான் வந்து போகிறார்கள்.

நான் காலையில் போவேன். நீங்கள் பின்னேரம் வாருங்கள்.

அன்ரனெற்